வெள்ளைப் பக்கம் மேலே

லாஸ் ஏஞ்சல்ஸ்
பிப்ரவரி 12, 1998

மாவிஸ்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதைக் குப்பையில் போட்டிருப்பாய். போடவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மாவை அடக்கம் செய்து வழியனுப்பிய நாளிலிருந்து, வரும் ஏப்ரலோடு இரண்டு வருஷம், நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டெட்ராய்ட்டுக்குப் போன் செய்த போதெல்லாம் உன் வீட்டுப் பதில் சொல்லும் இயந்திரம்தான் பேசியது. அதற்காவது மரியாதை தெரிகிறது.

விஷயம் இதுதான். 'ஏழாவது திசை' விண்வெளித் தொடர் ஆரம்பித்து இந்த அக்டோபரில் முப்பது வருஷம். அதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் எடுக்கிறார்கள். இயக்குவது லினெட் என்ற கறுப்பினப் பெண், நம் ஆள்தான், இங்கிள்வுட்டில் வளர்ந்தவள். ஒளிப்பதிவு நான். படத்தில் முக்கியமான பேட்டி ஹாலிஸ் ப்ராண்டுடையது. ஆமாம், அந்தத் தொடரின் தயாரிப்பாளரேதான். எண்பது வயதாகியும் நிமிர்ந்து நடக்கிறார்.

எனக்கு உன்னிடமிருந்து ஒரு பொருள் வேண்டும். உன் அம்மாவின் சர்ச் விசிறி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த நாள் அப்படியே இருக்கிறது. நமக்குப் பதின்மூன்று வயது. உன்னோடு என்னையும் படப்பிடிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒளிப்பதிவாளர் ஒளிமானியைக் கதாநாயகனின் வெள்ளை முகத்தருகே பிடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையை ஆட்டினார், வேலை முடிந்தது. விண்கப்பலின் வழிகாட்டி அதிகாரியாக நடித்த உன் அம்மா, மிஸ் அர்டெலியா, பின்னால் நட்சத்திர வரைபட மேசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் ஒளிமானி போகவே இல்லை. நாம் வீட்டில் டிவியில் பார்க்கும்போது அவருடைய சீருடை தெரியும், காதுத் தொங்கல் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல் தெரியும் இல்லையா? அது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

உன் அம்மா கன்னத்திலும் நெற்றியிலும் மினுமினுப்புக்காக வாஸ்லின் தடவிக்கொண்டார். கைப்பையிலிருந்து விசிறியை எடுத்தார். முன்பக்கம் கெத்செமனே தோட்டத்தில் இயேசு. பின்பக்கம் வெள்ளை அட்டை, அதன் ஓரத்தில் ஸ்பியர்மன் சவ அடக்க நிலையத்தின் விளம்பரம். நம் சர்ச்சில் ஒவ்வொரு இருக்கையிலும் கிடக்குமே, அதே விசிறி. அதைக் கேமராவுக்குத் தெரியாத இடம் பார்த்து மேசையில் கவிழ்த்து வைத்தார். மேலே எரிந்த விளக்கு வெள்ளைப் பக்கத்தில் பட்டு அவர் முகத்தில் ஏறியது. திரும்பி நம்மைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஏசப்பா கொஞ்ச நேரம் குப்புறப் படுத்திருக்கட்டும். கோவிச்சுக்க மாட்டாரு."

என் தொழில் அந்த நிமிடத்தில் ஆரம்பித்தது.

எதற்கு விசிறி என்று கேட்பாய். இன்னும் எனக்கே முழுதாகத் தெரியாது. அந்த ஆளை நான் ஒளிப்பதிவு செய்யும் அறையில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒலெட்டா


டெட்ராய்ட்
பிப்ரவரி 24

ஒளிப்பதிவாளர் ஒலெட்டா டில்லர்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விசிறி கிடைக்காது.

இதோடு முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்ல வேண்டியதை விடைத்தாள் திருத்தும்போதும் பனியை அள்ளிப்போடும்போதும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் கேள்.

அம்மாவின் ஆராதனை நிரலை நான்தான் அச்சடித்தேன். 'அஞ்சலி உரை: தயவுசெய்து இரண்டு நிமிடம்' என்று போட்டிருந்தேன். எல்லா வழியனுப்புதலிலும் போடுவதுதான். அறுபது வருஷம் அம்மாவோடு பாட்டுக்குழுவில் பாடிய சிஸ்டர் ஹேட்டி அந்த இரண்டு நிமிடத்துக்குள் அழுது, சிரித்து, உட்கார்ந்தாள். அப்புறம் மூன்றாவது வரிசையில் அந்த ஆள், ப்ராண்ட், எழுந்தான். அவன் பெயர் நிரலில் இல்லை. நீ சர்ச் உபசரிப்புப் பெண்களின் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு போய், அவன் முழங்கையைப் பிடித்து, மைக் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தாய். மணமகனைக் கூட்டி வருவது மாதிரி.

இருபது நிமிடம் பேசினான். இரண்டு நிமிடம் தாண்டினால் யாராக இருந்தாலும் ஆர்கனைத் தட்டி உட்காரவைக்கும் பிரதர் க்ளைட், மடியில் கையை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நான் இல்லேன்னா இந்தப் பொண்ணு யாருன்னே உலகத்துக்குத் தெரிஞ்சிருக்காது. அவ முகத்துக்கு வெளிச்சம் குடுத்தவன் நான்." பெட்டிக்குள் அம்மா. பக்கத்தில் நீ, கையுறையோடு.

அவன் கொடுத்த வெளிச்சத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது வருஷம் அம்மா அவன் அறைக்கே போய், "ஒரே ஒரு விளக்கு என் பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, அடுப்பில் சூடாக்கிய இரும்புச் சீப்பால் என் சுருட்டை முடியை இழுத்து நேராக்கிக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். "கண்ணு, விண்வெளின்னாலே இருட்டுதானே? நீ அதுல கலந்து இருந்தா பாக்க இயல்பாத்தான் இருக்கு." அன்றைக்கு என் காது சுட்டது. அவள் கை அதற்கு முன் தவறியதே இல்லை.

அடுத்த மாதமே கதையில் வழிகாட்டி அதிகாரியை ஒரு சின்னக் கலத்தில் ஏற்றி ஏதோ கிரகத்தைப் பார்த்துவர அனுப்பினார்கள். அவள் திரும்பவில்லை. யாரும் தேடவும் இல்லை. அந்தக் கிரகத்தின் பெயரைக்கூட அப்புறம் அந்தத் தொடரில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அதன் பிறகு சாகும்வரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சலவைத்தூள் விளம்பரத்தில் குரல். முகம் வேண்டாம் என்றார்கள்.

இன்று ஒரு தெருவுக்கோ ஒரு கட்டடத்துக்கோ அவள் பெயர் உண்டா? எங்கேயும் இல்லை. அவனுக்கு விழா, பேட்டி. அவன் முகத்துக்கு விளக்குப் பிடிக்க நீ.

நன்றாகப் பிடி.

மாவிஸ் பூன்


லாஸ் ஏஞ்சல்ஸ்
மார்ச் 4

மாவிஸ்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு விட்டுவிடுகிறேன். கையுறை போட்ட சகோதரிக்கு எழுந்து நிற்பவரை நடத்திக் கூட்டிவருவதுதான் வேலை. யார் எழலாம், யார் எழக்கூடாது என்று முடிவு செய்யும் வேலை பாஸ்டருடையது. அவர் அன்றைக்கு முதல் வரிசைக்கே இடம் கொடுத்திருப்பார், ப்ராண்ட் கேட்டிருந்தால். நீ என்னைத் திட்டு. ஆனால் அவரையும் சேர்த்துத் திட்டு.

விளக்கு கேட்டுப் போன கதை எனக்குத் தெரியாது. அதைப் படித்த பிறகு நான் வேறு ஆளாகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நேற்று நானும் லினெட்டும் ப்ராண்ட் வீட்டுக்குப் போனோம், பேட்டிக்கு இடம் பார்க்க. வாசலிலிருந்து மாடிவரை அவர் படங்கள்தான். வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளை பிளாஸ்டிக்கில், கைப்பிடி வைத்து, ஓரத்தில் கோணல்மாணலாக ஏதோ எழுத்துகள் பொறித்த ஒரு தகடு.

இரண்டாவது வருஷத்தில் ஒரு காட்சியில் கேமரா கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நொடி விசிறியின் மூலை தெரியும். விளம்பர எழுத்துகள் மங்கலாக, தலைகீழாக. உன் அம்மா வாரக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தாரே. அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தொடரின் ரசிகர்கள் அது ஏதோ விண்வெளிக் கருவி என்று முடிவு கட்டிவிட்டார்கள். 'சமிக்ஞைத் தகடு' என்று பெயர்கூட வைத்தாயிற்று. அதே மாதிரி செய்து விற்கிறார்கள். ரசிகர் மாநாடுகளில் ப்ராண்ட் அதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்.

என்னிடம் விசிறிக் கதையைக் கேட்டிருந்த லினெட், வெகுளி மாதிரிக் கேட்டாள்: "இது யார் சார் யோசிச்சது?"

"நானேதாம்மா. அந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருந்தா. கையில வெச்சுக்க ஏதாவது குடுக்கணுமேன்னு ஒரு ராத்திரி உக்காந்து வரைஞ்சேன். அந்த எழுத்து இருக்கு பாருங்க, அது ஒரு முழு மொழி. ஒவ்வொரு எழுத்தும் நான் உண்டாக்கினது."

லினெட் என் காலை மிதித்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மாவிஸ், அந்த விசிறியை அனுப்பு. அவர் முகம் என் கையில் இருக்கப்போகிறது. அளவுக்கு மேல் ஒளியை விட்டால் மூக்கும் கண்ணும் கரைந்து வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும். உன் அம்மா நிழலாக இருந்த மாதிரி அவர் வெறும் வெளுப்பாக இருப்பார். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒலெட்டா


டெட்ராய்ட்
மார்ச் 17

ஒலெட்டா,

தகடு! ஒரு முழு மொழி! வகுப்புக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அம்மா இருந்திருந்தால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருப்பாள். சிரித்து முடித்ததும் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. அவளுடைய சாமர்த்தியத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. முகத்தை எடுத்துக்கொண்டான், வேலையை எடுத்துக்கொண்டான், கடைசியில் அவள் கைப்பைக்குள்ளேயும் கையை விட்டுவிட்டான்.

விசிறி இதோடு வருகிறது, இரண்டு அட்டைக்கு நடுவில். கைப்பிடியில் இன்னும் வாஸ்லின் பிசுக்கு இருக்கிறது. துடைக்காதே.

நீ கேட்ட அந்த வார்த்தை: வெளுத்துவிடு. கண் தெரியக்கூடாது, வாய் தெரியக்கூடாது. அவன் பேரப்பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து, "தாத்தா எங்கே?" என்று கேட்க வேண்டும்.

மன்னிப்பு, கிறிஸ்தவ அன்பு என்று எதையும் எனக்கு எழுதாதே. அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேட்பேன்.

மாவிஸ்


லாஸ் ஏஞ்சல்ஸ்
ஏப்ரல் 2
(தபால் அட்டை)

பேட்டி முடிந்தது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை: அவருக்கு நன்றாகவே ஒளி வைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக யாருக்கும் வைத்ததில்லை. ஒளிநாடா வருகிறது. அதைப் பார்க்கும்வரை எனக்கு எழுதாதே.

ஒ.


டெட்ராய்ட்
ஏப்ரல் 7

பார்க்கும்வரை காத்திருக்க நான் யார், உன் ரசிகையா?

மறுபடியும் அவன் முழங்கையைப் பிடித்து மைக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாய். இந்தத் தடவை என் அம்மாவின் விசிறியையும் பிடுங்கிக்கொண்டு போய்.

திருப்பி அனுப்பு. தபால் செலவு நான் தருகிறேன்.

மா.


லாஸ் ஏஞ்சல்ஸ்
ஏப்ரல் 8

மாவிஸ்,

நீ எப்படியும் காத்திருக்காமல் எழுதியிருப்பாய். உன் கடிதம் வழியில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். அதற்கு முன் நாடாவை அனுப்பிவிடுகிறேன். முதலில் இதைப் படி.

வெளுக்கத்தான் நினைத்தேன். விளக்குகளைக்கூட அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "கேமராவுல கண்ணாடியோட இருந்தா கிழவன் மாதிரி தெரியும்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு வேறொன்று தோன்றியது. வெளுத்துவிட்டால் ஒளிப்பதிவு மோசம் என்பார்கள், என் மேல் பழி வரும், அவருடைய பொய் மட்டும் குரலில் அப்படியே நிற்கும். முகம் கரைந்தவனுக்கு அது ஒரு வசதி, மாவிஸ். உன் அம்மாவை இருட்டில் வைத்தது எதற்கு? அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாரும் பார்க்கக்கூடாது என்பதற்குத்தானே? அந்தச் சலுகையை இந்த ஆளுக்கு நான் ஏன் தர வேண்டும்?

எல்லா விளக்கையும் மாற்றி வைத்தேன். ஒவ்வொரு சுருக்கமும், இமையின் ஒவ்வொரு துடிப்பும் விழுகிற மாதிரி. தாடைக்குக் கீழே மட்டும் நிழல் இருந்தது. என் விளக்கு ஆள் டக், நெப்ராஸ்காவிலிருந்து போன வருஷம் வந்த வெள்ளைக்காரப் பையன், விளக்கருகிலிருந்தே கத்தினான்: "அக்கா, கீழ ஒரு அர்டெலியா போடட்டுமா?"

ப்ராண்ட் திரும்பினார். "என்னப்பா சொன்னே?"

"அர்டெலியா சார். மொகத்துக்குக் கீழ வைக்கிற வெள்ள அட்டை."

"ஏன் அந்தப் பேரு?"

"தெரியாது சார். எங்க செட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்க, எல்லா செட்டுலயும் அப்படித்தான். அந்தக் காலத்துலேர்ந்தே அதான் பேருன்னு நெனைக்கிறேன்."

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இருபது வருஷத்துக்கு முன் முதல் வேலையில் வாய் தவறி இல்லை, வேண்டுமென்றேதான் அந்த அட்டையை அந்தப் பெயர் சொல்லிக் கேட்டேன். என்னோடு வேலை செய்தவர்கள் வேறு படங்களுக்குப் போனார்கள், பெயரும் கூடவே போயிற்று. இன்று இந்த ஊரில் தினமும் யாராவது ஒருவர் யாரோ ஒருவர் முகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று உன் அம்மா பெயரைச் சொல்லிக் கேட்கிறார். தெருப்பலகைக்கு யாரும் அப்படிக் குரல் கொடுக்க மாட்டார்கள்.

ப்ராண்ட் கேமரா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் விசிறியை அவர் மடியில் வைத்தேன், வெள்ளைப் பக்கம் மேலே. "இதப் பிடிச்சுக்குங்க சார். உங்களுக்கு வெளிச்சம் வேணும்ல?" கண்ணாடி இல்லாததால் அவருக்கு அது வெறும் அட்டை.

மற்றதை நீயே பார். லினெட் அந்தப் பழைய காட்சியின் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறாள். அவர் தகட்டைப் பற்றி, தான் உண்டாக்கிய மொழியைப் பற்றி, அந்தப் பெண்ணுக்குத் தான் கொடுத்த வெளிச்சத்தைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிக்கிறார். கேமராவுக்குப் பின்னால் இருப்பவள் பேசக்கூடாது. பேசினேன்.

"அதுதான் சார் உங்க மடியில இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டு எங்களுக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. உங்க மொழிதானே."

விசிறியைத் திருப்பி அனுப்பச் சொல்வாய் என்று தெரியும். நாடாவைப் பார்த்துவிட்டுச் சொல்.

ஒலெட்டா


டெட்ராய்ட்
ஏப்ரல் 29

அடியே ஒலெட்டா,

பார்த்தேன். நிறுத்தினேன். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வறுத்த கெளுத்தி மீன் தட்டோடு ஆறிக் கிடந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறான். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பிக்கிறான். "ஸ்பியர்மன் அண்ட் சன்ஸ். சவ அடக்கம். பகலும் இரவும் உங்கள் துயரில் உடனிருப்போம்." 'உடனிருப்போம்' என்ற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. மெதுவாகத் திருப்புகிறான். இயேசு. அப்புறம் தலையை நிமிர்த்தி உன் பக்கம் பார்க்கிறான். நீ சொன்னது சரி. வெளுத்திருந்தால் எனக்கு அந்த முகம் கிடைத்திருக்காது. முதலில் கோபம் வருகிறது, அது நிற்க இடமில்லாமல் பயமாகிறது, பயம் போய் ஒரு சின்னப் பையனின் அவமானம் கன்னம் முழுக்கப் பரவுகிறது. விசிறி அவன் மடியிலிருந்தே அத்தனைக்கும் வெளிச்சம் காட்டுகிறது. அம்மா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

அவன்மேல் இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். நியாயமாகவே காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

டக் சொன்ன இடத்தையும் கேட்டேன். 'கீழ ஒரு அர்டெலியா.' அதற்கு மட்டும் அழுதேன். இருபது வருஷமாக இதை என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு உன்னை எப்போது மன்னிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது விஷயம். போன வாரம் ப்ராண்டிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. கனமான தாள், மேலே அவன் பெயர். அந்தக் காட்சி 'உங்கள் தாயாரின் நினைவுக்குப் பெருமை சேர்க்காது' என்கிறான். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் தொலைக்காட்சி நிலையம் அதை நீக்கிவிடச் சம்மதித்திருக்கிறதாம். என் ஒரு கையெழுத்து போதுமாம். அன்றைக்கு ஒரே ஒரு விளக்கு கேட்டு அவன் அறை வாசலில் நின்றாள் ஒருத்தி. இன்றைக்கு அதே ஒரு விளக்கை அணைக்கச் சொல்லி அவன் என் வாசலில் நிற்கிறான்.

பதில் போட்டுவிட்டேன். காட்சியை நீக்கக் கேட்டு எழுதமாட்டேன், ஆனால் படத்தில் அதற்குப் பிறகு இன்னொரு காட்சி சேர்க்க அவனுக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்று எழுதினேன். ஜூன் மாதம் முதல் ஞாயிறு நம் சர்ச்சுக்கு வரட்டும். விசிறி பிடித்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் முன்னால் நின்று, அது என்ன, யாருடையது, எதற்காக ஒருத்தி அதைத் தன் கைப்பையில் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள் என்று அவன் வாயால் சொல்லட்டும். லினெட் அதைப் படம்பிடிக்கட்டும். வராவிட்டால் படம் இப்போது இருக்கிற இடத்தோடு முடியும், அவன் முகத்தோடு. நேற்று அவன் செயலாளர் போன் செய்தாள். வருகிறானாம்.

நானும் வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன், வேறு எங்கே போவேன்? விசிறி உன்னிடமே இருக்கட்டும்.

பாஸ்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ கையுறையை வெளுத்து, கஞ்சி போட்டு வை. அவன் எழுந்ததும் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வா, அன்றைக்குப் பிடித்த அதே பிடி. பிரதர் க்ளைட்டிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு: இரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை போனாலும், ஆர்கனில் கையை வைக்கட்டும்.

மாவிஸ்